ஆறு சீட்டு, நாலு பிடி

நீங்கள் சீட்டு ஆடுவீர்களா? முகத்தைச் சுளிக்க வேண்டாம், நான் கேட்டது பிரிட்ஜ். துண்டை விரித்துக் காசு வைத்து ஆடுகிற சமாசாரம் இல்லை. எங்கள் கான்வென்டில் மதர் பெனடிக்டா என்று ஒருவர் இருந்தார். பிள்ளைகள் கையில் சீட்டுக்கட்டைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அவரே மூன்று சிஸ்டர்களை உட்கார்த்தி வைத்துக்கொண்டு பிரிட்ஜ் ஆடுவார். கேட்டால் அது மூளைக்குப் பயிற்சி என்பார். ஆட மாட்டீர்களா? சரி, பரவாயில்லை. பொள்ளாச்சி போய்ச் சேர மூன்று மணி நேரம் இருக்கிறது. இந்த டிரைவர் ஓட்டுகிற அழகுக்கு மூன்றரை. அதற்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவள்.

நான் பனிக்கல் எஸ்டேட் மேனேஜர் ஜெயசீலனின் மனைவி. மேனேஜர் மனைவி எதற்குப் பஸ்ஸில் வருகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? ஜீப் இருந்தது. ஆடிட்டரை அழைத்துவர ஜீப்பை அனுப்பிவிட்டார் இவர். ஆடிட்டரைப் பஸ்ஸில் வரச் சொன்னால் கம்பெனி கோபித்துக்கொள்ளுமாம். நான் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, இருபத்தாறு வருஷமாகக் கோபித்துக்கொண்டுதானே இருக்கிறேன். இரண்டு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி, இந்தக் குடை. எஸ்டேட் வாழ்க்கை மொத்தமும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, பாருங்கள்.

இறங்கிவிட்டேன். அவ்வளவுதான். இனி மேலே வர மாட்டேன். இவரும் அடுத்த மாசம் வந்துவிடுவார். செப்டம்பர் முப்பதோடு அவருக்கு ரிடையர்மென்ட். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும், அதற்குத்தான் ஒரு மாசம். கோயமுத்தூரில் எங்கள் மகள் ஷெரின் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு இரண்டு பெட்ரூம் ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறாள். காலையில் இரண்டு பேரும் நடக்கப் போகலாம், ரோட்டில் யானை நிற்காது. பெய்கிற மழையும் நிற்கும். இங்கே ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை துணி காயாது, மனுஷன் முகமும் காயாது. அலமாரிக்குள் இருபத்துநாலு மணி நேரமும் பல்பு எரிய விட்டால்தான் சேலையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். சீட்டுக்கட்டைக்கூட அந்தப் பல்புக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். இல்லாவிட்டால் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பவுடர் தூவித்தான் ஆட வேண்டும். மேஜையைச் சுற்றி நாலு பேரும் குளித்த குழந்தை மாதிரி மணப்போம்.

ஆனால் இந்த ரிடையர்மென்ட் சும்மா வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கம்பெனி இவருக்கு இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்புத் தருகிறேன் என்று கடிதம் போட்டது. வேண்டுமா வேண்டாமா என்று ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று இவரைச் சொல்ல வைத்தது நான். எப்படி வைத்தேன் என்றுதான் சொல்ல வருகிறேன். ஆறு சீட்டை வைத்து.

பிரிட்ஜ் ரொம்ப எளிது. நாலு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேரும் ஆளுக்கொன்று போட வேண்டும், முதலில் போட்டவரின் இனத்தில் பெரிய சீட்டு யாருடையதோ அவர் நாலையும் அள்ளிக்கொள்வார். அதுதான் ஒரு பிடி. அள்ளினவர்தான் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். இது மட்டும் நினைவிருந்தால் போதும். இதில் ஒரு அழகு என்னவென்றால், ஒரு ஜோடியில் ஒருவர்தான் ஆடுவார். இன்னொருவர் தன் சீட்டு முழுவதையும் மேஜைமேல் எல்லாரும் பார்க்க விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். டம்மியின் சீட்டையும் ஆடுகிறவரே கேட்டு வாங்கிப் போடுவார். டம்மி வாயைத் திறக்கக் கூடாது. நான் வைத்த சட்டமில்லை, உலகம் முழுவதும் அப்படித்தான்.

எங்கள் ஜோடியில் ஆடுகிறது நான். இவர் டம்மி. எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் விடுவோம், அப்போதே எப்படியாவது ஆட்டம் என் கைக்கு வருகிற மாதிரி கேட்டுவிடுவேன். இவரை ஆட விட்டால் ஒரு சீட்டைப் போடுவதற்குள் ஒரு கப் காபி ஆறிவிடும். யோசிப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், திரும்ப யோசிப்பார். எனக்குப் பொறுக்காது. டம்மியாக உட்காருவது இவருக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. டம்மி எங்கே சொல்லும் என்பார் டாக்டர் பௌலோஸ். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர். கோட்டயத்துக்காரர். அட்டைக்கடிக்கு மருந்து போடுகிறவருக்கு வாய் மட்டும் சர்ஜன் மாதிரி.

எதிர் ஜோடியில் டாக்டரும், போன வருஷத்திலிருந்து தாரிணியும். தாரிணி என்பது அசிஸ்டென்ட் மேனேஜரின் மனைவி. இருபத்தாறு வயசு. கம்ப்யூட்டரிலேயே பிரிட்ஜ் கற்றுக்கொண்டாளாம். எதிரே மனுஷ முகமே இல்லாமல் கற்றுக்கொண்ட ஆட்டம் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஒரு வழக்கம். ஆட்டம் கடைசி ஐந்தாறு சீட்டுக்கு வந்துவிட்டால் நான் ஆட மாட்டேன். கையிலிருக்கிறதை விரித்துப் போட்டு, "மீதி எனக்கு" என்று சொல்லிவிடுவேன். தெரிந்த முடிவை எதற்கு ஆடிக்கொண்டிருக்க வேண்டும்? எல்லாரும் சரி என்பார்கள், கலைத்து அடுத்த ஆட்டம் போடுவோம். இருபத்தாறு வருஷம் இப்படித்தான். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மே மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம் கிளப்பில் நான் விரித்துப் போட்டேன். மீதி எனக்கு என்றேன். டாக்டர் சீட்டை மூடிவிட்டார். இந்தத் தாரிணி மூடவில்லை. என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆன்ட்டி, ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன்" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் எரிச்சல். மரியாதை இல்லாமல் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஆடினேன். ஐந்தும் எனக்கு என்று சொன்ன இடத்தில் இரண்டுதான் வந்தது. மூன்றை அவர்கள் அள்ளிக்கொண்டார்கள். வெளிச்சம் சரியில்லை, அன்று வோல்டேஜ் ரொம்பக் குறைவு, ஒரு க்ளப்பை ஸ்பேட் என்று நினைத்துவிட்டேன். யாருக்கும் நடக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், "மிசஸ் ஜெயசீலன், இதுக்கு முன்னாடியும் சிலது இப்படித்தான். நாங்க கேக்கறதில்லை, அவ்வளவுதான்." எத்தனை என்று கேட்டேன். விரலை மடக்குகிற மாதிரி பாவனை செய்து பாதியில் நிறுத்திவிட்டார். இவரைப் பார்த்தேன். இவர் டம்மி. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா, தெரிந்துமா சும்மா இருந்தீர்கள் என்று. "நீ முடிஞ்சதுன்னு சொன்னா முடிஞ்சது கரோலின்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மனுஷன் குளிக்கப் போய்விட்டார். மழைக்காலத்தில் இவர் ஒரு நாளில் என்னோடு பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம். சாப்பாடு, கரண்ட், தபால். அப்புறம் பிரிட்ஜ் ஏலத்தில் ஒரு ஹார்ட், இரண்டு ஸ்பேட். அதையும் சேர்த்தால் இருபது தேறும். நான் பேசுவேன். ஒரு வீட்டில் யாராவது பேச வேண்டும் அல்லவா?

வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி நாற்பது. இப்போதுதான் பத்து பன்னிரண்டு கழிந்திருக்கும்.

நீட்டிப்புக் கடிதம் மே மாசமே வந்துவிட்டது. நான் தினமும் கேட்பேன், எழுதிவிட்டீர்களா, வேண்டாம் என்று எழுதிவிட்டீர்களா. பார்க்கலாம் என்பார். என்ன பார்க்க இருக்கிறது? கோயமுத்தூர் ஃபிளாட்டில் பால்கனி எந்தத் திசை, பால்காரன் எத்தனை மணிக்கு வருவான், எந்தச் சர்ச்சுக்குப் போகிறோம், எல்லாம் நான் முடிவு செய்துவிட்டேன். ஷெரினிடமும் சொல்லியாகிவிட்டது. இவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஜூன் பத்தாம் தேதி சாயங்காலம் நான் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். பட்லர் அந்தோணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

இவர் அலமாரியைத் திறந்து சீட்டுக்கட்டை எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் நாலு பக்கமும் ஆறாறு சீட்டாக விரித்தார். எல்லாம் முகம் தெரிய. நிதானமாக, ஒவ்வொன்றாக. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரித்து முடித்ததும் சொன்னார்: "ஆறு சுத்து பாக்கி. நான் டம்மி, நீ ஆடற. ஆட்டம் என் கையிலேர்ந்து தொடங்கணும். இதுல நாலு பிடி எடுத்துக் காட்டு. எடுத்துட்டா வேண்டாம்னு கம்பெனிக்கு எழுதிடறேன். ரெண்டு பேரும் இறங்கிடலாம்."

நான் சிரித்துவிட்டேன். அத்தனை சீட்டும் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. மறைவாக ஒன்றுகூட இல்லை. கான்வென்ட் வாசலில் நிற்கிற கூர்க்கா கூட ஆடிவிடுவான்.

எப்படி இருந்தது தெரியுமா? உங்களுக்கும் சொல்கிறேன், சுலபம்தான். இவர் கையில், அதாவது டம்மியில், ஸ்பேடில் கிங், க்வீன், ஜாக், பத்து. நாலு பெரிய மனுஷர்கள். அதோடு ஹார்ட்டில் இரண்டும் மூன்றும், குப்பை. என் கையில் ஸ்பேடில் ஏஸ். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. மற்ற ஐந்தும் க்ளப்பில் சில்லறை. எனக்கு இடது பக்கத்து எதிராளியிடம் ஹார்ட்டில் பெரியது இரண்டு, மற்றபடி ஸ்பேடில் பொடி. வலது பக்கத்து எதிராளி கையில் ஆறும் க்ளப், ஆறும் என் க்ளப்பை விடப் பெரியவை. எதிராளி இரண்டு பேருக்கும் இவரே ஆடுவார்.

டம்மியிலிருந்து ஸ்பேட் கிங் என்றேன். இவர் எடுத்துப் போட்டார். என் முறை வந்தது. ஸ்பேட் கேட்டால் ஸ்பேட் போட்டாக வேண்டும், அது சட்டம். என்னிடம் இருக்கிற ஒரே ஸ்பேட் ஏஸ். போட்டேன். பிடி எனக்கு. அடுத்ததை நான்தான் தொடங்க வேண்டும். என்னிடம் இருப்பது க்ளப் மட்டும். போட்டால் வலது பக்கம் அள்ளுகிறது. திரும்பத் திரும்ப அள்ளுகிறது. எதிரே டம்மியில் க்வீனும் ஜாக்கும் பத்தும் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கின்றன, கூப்பிட வழியில்லை. ஆறு சுற்று முடிந்தது.

"ஒண்ணு" என்றார்.

தப்பாக விரித்திருக்கிறீர்கள் என்றேன். இல்லை என்றார்.

மறுநாள் ஃபேக்டரியிலிருந்து ஆறு மணிக்கு வந்ததும் மறுபடி விரித்தார். இந்தத் தடவை டம்மியிலிருந்து குப்பை ஹார்ட்டைத் தொடங்கினேன். இடது பக்கம் அதை அள்ளியது. என்னிடம் ஹார்ட் இல்லை, ஒரு க்ளப்பை எறிந்தேன். இடது பக்கம் உடனே ஸ்பேட் போட்டது. திரும்பவும் என் ஏஸ் வந்து விழுந்து, திரும்பவும் நான் க்ளப்போடு நின்றேன். "ஒண்ணு" என்றார். இந்தத் தடவை சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தார்.

ஜூன் முழுவதும் ஒன்று. ஜூலை முழுவதும் ஒன்று. வெளியே ஓட்டில் மழை கொட்டுகிறது, பேசினால் கேட்காது, உள்ளே நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் இருபத்துநாலு சீட்டை வைத்துக்கொண்டு. எத்தனை வழி இருக்கிறது ஆறு சீட்டில்? நான் இரண்டு நிமிஷத்துக்கு மேல் யோசிக்கிற ஜாதி இல்லை, ஆனால் தினமும் இரண்டு நிமிஷம் என்றால் கணக்குப் பாருங்கள். சமையல் செய்யும்போது, ஜெபம் பண்ணும்போது, கண் முன்னால் அந்த ஏஸ். இந்தப் புதிரே தப்பு என்று ஒரு நாள் சீட்டைத் தள்ளிவிட்டேன். குனிந்து பொறுக்கி, அதே மாதிரி விரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று மாசமும் ஆறு மணி ஆனால் இவர் சரியாக வந்து எதிரே உட்கார்ந்தார். முன்னெல்லாம் கிளப், ஆபீஸ், எங்கேயாவது ஒரு யானை வேலியை உடைத்துவிட்டது என்று போய்விடுவார். இந்த மழையில் போகவில்லை. நான் ஆடுகிற வரை எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் ஏதோ சொல்ல வாயெடுப்பார். டம்மி பேசக் கூடாது என்பேன். மூடிக்கொள்வார்.

வெட்கத்தை விட்டு டாக்டரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கே போய், ரத்த அழுத்தம் பார்க்க வந்த மாதிரி. பேப்பரில் எழுதிக் காட்டினேன். அவர் அரை நிமிஷம் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது ஜெயசீலன் வெச்சதோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விடை சொல்லவில்லை. ரத்த அழுத்தப் பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டே, "உங்க கையை நீங்க நல்லா பார்த்தாச்சு. ஒரு தடவை அவர் கையைப் பாருங்க. அவர்கிட்ட நாலு பிடி இருக்கு. எது தடுக்குது?" என்றார். இதைத்தான் நான் இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் சீட்டெல்லாம் வராமல் நிற்கிறது என்று. ரத்த அழுத்தம் நூற்று அறுபது என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மட்டும் குறைச்சலில்லை.

ஆகஸ்ட் முப்பது வந்துவிட்டது. மறுநாள் கெடு. அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, அந்தோணி லீவு, விறகு ஈரம். போதாததற்கு ஷெரின், ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டு எழுதியிருந்தாள். ஆறு மணிக்கு இவர் வந்தார், மழைக்கோட்டைக் கழற்றி மாட்டினார், விரித்தார். எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. நின்றுகொண்டே ஹார்ட் இரண்டு என்றேன். ஏதோ ஒன்று. வலது பக்கத்திலிருந்து ஒரு க்ளப்பை எடுத்துப் போட்டார். நான் க்ளப்பை எறிய வேண்டும். தினமும் அதைத்தான் எறிகிறேன். அன்று எனக்கு ஒரேயடியாக வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் இந்தக் காட்டில் இந்த மனுஷனோடு உட்கார்ந்து எனக்கு என்ன கிடைத்தது, ஒரு ஏஸ், அது எதற்கு என்று தோன்றியது. ஸ்பேட் ஏஸை எடுத்து அவர் முன்னால் எறிந்தேன். "இந்தாங்க, இதையும் எடுத்துக்கோங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றேன். எறிந்த வேகத்தில் அது வழுக்கிக்கொண்டு போய் அவர் மடியில் விழுந்தது.

இவர் அதை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார். இடது பக்கத்துக்காக ஹார்ட் ஏஸால் அள்ளினார், அடுத்த ஹார்ட்டாலும் அள்ளினார். அதோடு அந்தப் பக்கத்தில் ஹார்ட் தீர்ந்தது, ஸ்பேட்தான் பாக்கி, போட்டாக வேண்டும். போட்டார். குறுக்கே என் ஏஸ் இல்லை. டம்மியில் கிங் அள்ளியது. க்வீன் அள்ளியது. ஜாக். பத்து. ஒவ்வொன்றாக அவரே எடுத்து அடுக்கினார், அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சரி செய்தார்.

"நாலு" என்றார். அப்புறம் சொன்னார், மெதுவாக, அந்த மழையிலும் எனக்குக் கேட்டது: "அவ்வளவுதான் கரோலின். நீ விட்டதும் எல்லாம் தானா வந்துடுச்சு பார்."

நான் கை தட்டிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா? எப்படி ஜெயித்தால் என்ன? இப்போதும் சொல்கிறேன், அது புதிரே இல்லை. யாராவது நிஜ ஆட்டத்தில் ஏஸைத் தூக்கி எறிவார்களா? பைத்தியக்காரத்தனம். ஆனால் பந்தயம் பந்தயம். எழுதிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். இவர் கண் கொஞ்சம் ஈரமாக இருந்தது, வேலையை விடுகிற வருத்தம் ஆண்களுக்கு இருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை. அன்று ராகிக் கஞ்சிதான் செய்ய முடிந்தது, அதையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அப்புறம் எல்லாம் சட்டென்று நடந்தது. நீ முதலில் போ, ஒப்படைக்கிற வேலையில் நான் வீட்டில் இருக்க மாட்டேன், தனியாக இருப்பாய் என்றார். நியாயம்தானே? நானே பெட்டி கட்டினேன். உங்கள் சூட்டையும் வைக்கட்டுமா என்றால் பிறகு பார்க்கலாம் என்றார். ஒரு மாசத்துக்கு எத்தனை துணி வேண்டும் ஒரு மனுஷனுக்கு? போன வாரம் புது கம்பூட்ஸ் வேறு வாங்கியிருக்கிறார், முழங்கால் வரைக்கும் ரப்பர். ஒரு மாசத்துக்கு யாராவது புது கம்பூட்ஸ் வாங்குவார்களா? சிக்கனம் என்பதே தெரியாது, கீழே போனால் எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டும்.

கிளப்பில் எனக்குப் பிரிவுபசாரம் வைத்தார்கள். கேக்கில் மிசஸ் ஜெயசீலனுக்கு என்று மட்டும் எழுதியிருந்தது. மிஸ்டரை விட்டுவிட்டார்கள். வால்பாறை பேக்கரியில் எதைச் சரியாகச் செய்கிறார்கள்? தாரிணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் ஆன்ட்டி என்றாள். ஒரு மாசத்துக்கு என்ன பெரிய பார்த்துக்கொள்கிறது? இவருக்கு எதிரே இனி அவள்தான் உட்காருகிறாளாம், டாக்டருக்கு அவள் புருஷன். போன வாரமே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். இவர் ஆடினார், அவள் டம்மி. ஒரு சீட்டுக்குக் காபி ஆறுகிற நேரம், ஆனால் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். இவர் எல்லாவற்றையும் கடைசிச் சீட்டு வரைக்கும் ஆடினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் ஆடுகிறார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம் என்று நினைத்தேன், நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை பஸ் ஏற்றிவிட இவர் வந்தார். மழையில் நனைந்துகொண்டே நின்றார், குடைக்குள் வாருங்கள் என்றால் வரவில்லை. ஏதாவது சொல்லுங்கள் என்றேன். சொன்னார். "உடம்பைப் பார்த்துக்கோ." அவ்வளவுதான். பஸ் திரும்புகிற வரை நின்றார். ஒரு மாசத்தில் பார்க்கப்போகிற பெண்டாட்டிக்கு இவ்வளவு நேரம் நின்றதே பெரிசு, நான் பார்த்த வரைக்கும்.

ஒரு நிமிஷம் இருங்கள், ஃபோன். ஷெரின்தான்.

சொல்லு ஷெரின். ஆமாம், வந்துகொண்டிருக்கிறேன். சாப்பிட்டேன். ஃபிளாட் சாவி வாங்கிவிட்டாயா? என்ன? எந்த ரூம்? உன் வீட்டிலா? எதற்கு? நான் கேட்டது ஃபிளாட். ஒற்றைக் கட்டில் போட்டால் உங்கள் அப்பா எங்கே படுப்பார்? ஏன் பேசாமல் இருக்கிறாய்? யார் சொன்னது? எப்போது சொன்னார்? அழாதே. எதற்கு அழுகிறாய், அழாமல் சொல்லு. எப்போது?

ஹலோ.

இல்லை, ஒன்றுமில்லை. என்ன சொல்கிறாள் தெரியுமா? "அம்மா, அப்பா எக்ஸ்டென்ஷனுக்கு ஜூன் முதல் வாரமே கையெழுத்துப் போட்டுட்டாரே, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்கிறாள். உளறுகிறாள். ஜூன் முதல் வாரம் எப்படிப் போட்டிருக்க முடியும்? இவர் சீட்டு விரித்ததே பத்தாம் தேதி. மூன்று மாசம், ஒரு நாள் தவறாமல் எதிரே உட்கார்ந்தாரே. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட மனுஷன் எதற்காக உட்கார வேண்டும்? ஷெரினுக்குச் சின்ன வயசிலிருந்தே மாசக் குழப்பம். எழுதியிருப்பது வேண்டாம் என்ற கடிதம், அதை இவள் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறாள். இவர் வந்ததும் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்த மாசம். கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னும் பேசியிருப்பேன், கட்டாகிவிட்டது. இந்த மலையில் இப்படித்தான். ஒரு வளைவு திரும்பினால் போதும், சிக்னல் போய்விடும். என்ன பார்க்கிறீர்கள்? நான் அணைக்கவில்லை. தானாகப் போய்விட்டது.

என்ன? மலை முடிந்துவிட்டதா?

எப்போது?